ஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள் – வடசென்னை சபைகளுக்கு

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் கிறிஸ்தவ சபைக் கமிட்டியில் இருக்கும் செயலாளர், பொருளாளர்களுக்காக இந்தப் பதிவு. வெளிநாட்டு நிதி, கம்பெனிகள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதி இரண்டையும் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு ப்ராஜெக்ட் கன்சல்டன்ட் எங்கள் சபையில் 45,000 ரூபாய் வாங்கினார். திட்ட அறிக்கை எழுத 25,000, டில்லியில் 'பைல் நகர' 20,000. இரண்டும் ஜிபேயில், ஒரு தனி நபர் கணக்குக்குப் போனது. ரசீது கிடையாது. கைக்கு வந்தது ஸ்பைரல் பைண்டிங் போட்ட 38 பக்க அறிக்கை மட்டும்.

அந்த அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாளைக்கு உங்கள் கைக்கும் இதே மாதிரி ஒன்று வரலாம்.

நாங்கள் கேட்டது காசிமேட்டு மீனவப் பெண்களுக்குத் தையல் பயிற்சி, பிள்ளைகளுக்கு மாலை நேர டியூஷன். ஆறாம் பக்கத்தில், 'இப்பகுதி மக்கள் பெரும்பாலும் மானாவாரி விவசாயத்தை நம்பி வாழ்கின்றனர்' என்று இருக்கிறது. காசிமேட்டில் மானாவாரி! வேறு ஊருக்கு எழுதியதில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். தையல் வகுப்பு காலை 10 மணி முதல் 1 மணி வரையாம். விடிவதற்கு முன்பே ஏலத்தில் மீன் எடுத்த பெண்கள் அந்த நேரத்தில் கூடையோடு வியாபாரத்தில் இருப்பார்கள். வகுப்புக்கு யார் வருவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வீட்டில் வருமானம் சுருங்கும், பெண்களுக்கு நேரமும் இருக்கும். பயிற்சியைத் தொடங்க அதைவிட நல்ல காலம் இல்லை. அறிக்கையோ அந்த இரண்டு மாதத்தைக் 'கோடை விடுமுறை' என்று காலியாக விட்டிருக்கிறது.

பட்ஜெட் இன்னும் மோசம். தையல் மிஷின் 20, ஒன்று 22,000 வீதம் 4,40,000. காலால் மிதித்து ஓட்டும் மிஷினுக்குக் கடையில் கொட்டேஷன் கேட்டபோது அதில் பாதிகூட வரவில்லை. நிர்வாகச் செலவு 35 சதவீதம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ என்பது இதுதான்) அது 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020 திருத்தத்துக்கு முன்புதான் 50 வரை அனுமதி இருந்தது. நிதி கொடுக்கும் இடத்தில் இருப்பவர் இந்த ஒரு வரியைப் பார்த்ததுமே பைலை மூடிவிடுவார்.

'பதிவு உள்ள டிரஸ்ட் ஒன்று இருக்கிறது. பணம் அவர்கள் கணக்குக்கு வரும், 30 சதவீதம் அவர்களுக்கு, மீதி உங்களுக்கு' என்றும் சொன்னார். இந்த வலையில் தயவுசெய்து யாரும் விழாதீர்கள். எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள அமைப்பு, தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது. அந்த அமைப்புக்கும் பதிவு இருந்தால்கூடக் கூடாது. 2020 செப்டம்பரிலிருந்து சட்டத்தின் 7ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. மீறினால் சிறைத் தண்டனை வரை போகும். கையெழுத்துப் போட்ட பொருளாளர்தான் மாட்டுவார், கன்சல்டன்ட் அல்ல.

நேர் வழி என்ன? எஃப்சிஆர்ஏ பதிவு கேட்க அமைப்பு மூன்று வருடமாவது இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று நிதியாண்டில் தன் நோக்கத்துக்காகவே 15 லட்சமாவது செலவழித்த கணக்கு வேண்டும். அது இல்லாதவர்களுக்கு முன் அனுமதி என்று ஒரு வழி உண்டு. குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று உறுதிக் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். எதுவானாலும் முதலில் பணம் வந்து விழ வேண்டிய இடம் டில்லி ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்சில் தொடங்கிய கணக்கு மட்டுமே. விண்ணப்பமும் கட்டணமும் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்திலேயே முடிந்துவிடும். பைல் நகர்த்தக் கூலி என்று ஒன்று அங்கே இல்லை.

பலர் குழம்பும் இடம் ஒன்று. துபாயில் வேலை செய்யும் நம் சபைப் பையன் இந்திய பாஸ்போர்ட்டோடு தன் சேமிப்பிலிருந்து பாங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பினால் ஆகும், அவர் ராயபுரத்திலேயே பிறந்திருந்தாலும்.

சிஎஸ்ஆர் நிதிக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவு எண், மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும். பெரும்பாலான சபைகளுக்குத் தனிப் பதிவு இருக்காது. பேராயத்தின்கீழோ மறைமாவட்டத்தின்கீழோ இருக்கும். அப்போது அங்குள்ள சமூகப் பணி அமைப்பின் பெயரில்தான் விண்ணப்பம் போக முடியும். ஆகவே முதல் நடை அங்கே போகட்டும், ஏஜென்ட் வீட்டுக்கு அல்ல. கன்சல்டன்டின் அறிக்கையில் 'ஆத்தும ஆதாயம்' (அதாவது, ஆட்களை விசுவாசத்துக்குள் கொண்டுவருவது) என்று ஒரு தலைப்பும் இருந்தது. கம்பெனிக்குப் போகிற தாளில் ஊழியத்தையும் சமூகப் பணியையும் கலந்தால் அன்றே நிராகரிப்பு. எந்த மதத்துப் பிள்ளையும் சேரலாம் என்று எழுத வேண்டும், அப்படியே நடக்கவும் வேண்டும். காணிக்கைக் கணக்கும் திட்டக் கணக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். 'செக் தருகிறோம், பாதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள்' என்று எந்தக் கம்பெனிப் பெயரில் யார் கேட்டாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அறிக்கையை நீங்களே எழுதலாம். சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து நான்கு பேர், இரண்டு ஞாயிறு சாயங்காலம், 60 வீடு போதும். வீட்டில் எத்தனை பேர், யார் என்ன வேலை, பிள்ளை எந்த வகுப்பு, எந்த நேரத்தில் வர முடியும் – இவ்வளவுதான் கேட்க வேண்டும். அதிலிருந்து தேவை என்ன என்று ஒன்றரைப் பக்கம். அடுத்து எத்தனை பேருக்கு என்ன பயிற்சி, எத்தனை வாரம், முடிவில் என்ன மாறியிருக்கும், அதை எதை வைத்து அளப்பீர்கள் என்று எழுதுங்கள். '30 பேருக்குப் பயிற்சி' என்று நிறுத்தினால் போதாது; அதில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்துத் தைத்துச் சம்பாதிக்கிறார்கள் என்பதையே நிதி கொடுப்பவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கொட்டேஷன் வாங்கி இணையுங்கள். மிஷின் வாங்குகிறவர்கள் ரிப்பேர், நூல், ஊசி, கரண்ட் பில்லை மறந்துவிடுகிறார்கள். எட்டாம் மாதம் வகுப்பு நிற்பது அதனால்தான். எல்லாம் சேர்ந்து 12 பக்கத்தைத் தாண்டாது. ஆடிட்டருக்கு மட்டும் கட்டணம் கொடுங்கள், பில் வாங்கிக்கொண்டு.

யாராவது ஒரு டிரஸ்ட் பெயரைச் சொன்னால், அதற்கு எஃப்சிஆர்ஏ பதிவு உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் விசாரித்துப் பாருங்கள். தொண்டு அமைப்புகளுக்கான அரசு இணையதளமான என்ஜிஓ தர்பனில் பதிவு இலவசம். அதற்கு 5,000 கேட்டாலே ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், குறிப்பாக ஆன்லைனில் அனுப்பியவர்கள், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழையுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, ஸ்கிரீன்ஷாட் கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். கமிட்டி தீர்மானப் புத்தகத்திலும் நடந்ததை எழுதிக் கையெழுத்திடுங்கள். எங்கள் கமிட்டி வெட்கப்பட்டுக்கொண்டு நான்கு மாதம் பேசாமல் இருந்தது. அந்த நான்கு மாதத்தில் அதே 38 பக்கம், ஊர்ப் பெயர் மட்டும் மாறி, திருவொற்றியூரில் இன்னொரு சபைக்குப் போயிருக்கிறது. மானாவாரி விவசாயம் அதிலும் அப்படியே இருந்தது.