பின்னால் உறுமும் ஆல் வீல் டிரைவ் கார்: பேரிங்கா, ஆயிலா, பழைய கிரவுனா?

ஆல் வீல் டிரைவ் காரில் பின்பக்கம் "ஊ..." என்று சத்தம் கேட்டதுமே "கிரவுன் போச்சு சார்" என்று சொல்லிவிடும் மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. கிரவுன் என்பது பின் அச்சின் நடுவில், சக்தியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி. அது போயிருக்கவும் கூடும். ஆனால் தேய்ந்த டயர், வீல் பேரிங், முன்னாலிருந்து கிரவுனுக்குச் சக்தி கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டைத் தாங்கும் நடு பேரிங் எல்லாமே ஏறத்தாழ இதே சத்தத்தைத் தரும். செலவில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

டயரைக் கழித்துக்கட்டுவது சுலபம். முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தமும் முன்னால் வந்துவிட்டால் விஷயம் முடிந்தது.

மிச்சத்துக்கு ஈசிஆரில் காலாப்பட்டு தாண்டி, காலை நேரத்தில் ஓர் ஓட்டம் போதும். 70 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு சுருதி, காலை எடுத்ததும் வேறு சுருதி என்றால் கிரவுன் மேல் சந்தேகப்படலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே உறுமல், வளைவில் மட்டும் கூடிக் குறைகிறது என்றால் வீல் பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங். பாரம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் காரின் தரை அதிர்ந்து, கிளம்பும்போது "டொக்" என்றால் நடு பேரிங்கையும் கிரவுனைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள்.

அப்புறம், ரெனோ டஸ்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: திருகியை இரு சக்கர நிலைக்கு மாற்றியும் சத்தம் நிற்கவில்லை என்றால் கிரவுன் நன்றாக இருக்கிறதாம். அப்படியில்லை. அந்தக் காரில், பின்சக்கரங்களுக்குப் போகும் சக்தியைச் சேர்த்தும் விலக்கியும் விடும் கப்ளிங் இருப்பது கிரவுனுக்கு முன்னால். அது விலகினாலும் ஷாஃப்டை எஞ்சின் பக்கம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், கிரவுனைப் பின்சக்கரங்கள் சுற்றும். பாரம் குறையும், அவ்வளவுதான்.

பட்டறையில் ஜாக்கி போட்டு எஞ்சினை ஓட்டிச் சோதிப்பதாக இருந்தால் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பி, ஸ்டாண்டில் நிற்க வேண்டும். பின்சக்கரத்தை மட்டும் தூக்கி கியர் போட்டால் கார் ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும். பேரிங் சோதனைக்கு எஞ்சினே வேண்டாம்: கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையை சுருள் ஸ்பிரிங்கில் வைத்தால் கெட்ட பேரிங்கின் அதிர்வு விரலில் தெரியும்.

பேரிங்தான் என்றால் நம்பகமான வெளிப் பட்டறையே போதும் என்பது என் கணக்கு. உப்புக்காற்றில், சக்கரம் பொருந்தும் ஹப் துருப்பிடித்து இறுகியிருக்கும். சுத்தியலால் தட்டி ஏற்றுகிறார்களா, பிரஸ்ஸில் வைத்து ஏற்றுகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். தட்டி ஏற்றிய புது பேரிங் சீக்கிரமே உறுமத் தொடங்கும். ஏபிஎஸ் காந்த வளையம் பதித்த பேரிங்குகளைத் தலைகீழாகப் போட்டால் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரியும்.

கிரவுன் மேல் சந்தேகம் என்றால் பிரிக்கும் முன் ஆயிலைப் பாருங்கள். இருப்பதிலேயே மலிவான வழி இது, பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். ஹோண்டா சிஆர்-வியில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது பின்னால் முனகினால், அதற்கென்றே உள்ள டூயல் பம்ப் ஆயிலை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வேறு கியர் ஆயிலை ஊற்றக் கூடாது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் ரெயின்போ நகர் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் இன்னும் கவனம். சூடான கிரவுன் தண்ணீரில் குளிரும்போது காற்று போய்வரும் மூச்சுக்குழாய் வழியே நீரை உள்ளே இழுக்கும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். சத்தம் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் பேரிங்குகள் துருவேறியிருக்கும், ஆயில் மட்டும் காப்பாற்றாது.

ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன்சக்கர வண்டியாக ஓட்டும் யோசனையை எனக்குப் பிடிக்காது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் அப்படி ஓட்டலாம், தீர்வாக முடியாது. கிரவுன் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கடைசிப் போட்டி, நிஜமாகவே கிரவுன் கெட்டால். கம்பெனி சர்வீசில் பெரும்பாலும் முழு அசெம்பிளியைத்தான் மாற்றச் சொல்வார்கள். வேலை சுத்தம், பணம்தான் தாங்காது. பிரித்து பேரிங் மட்டும் போடுவது கேட்க மலிவு. ஆனால் பினியன் (கிரவுனுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) பேரிங்கின் இறுக்கமும் பல்லுக்குப் பல் இடைவெளியும் அளந்து, ஷிம் எனும் மெல்லிய தகடு போட்டுச் சரிசெய்ய வேண்டும். அந்த இடைவெளியை அளக்கும் டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இதைக் கொடுத்தால் உறுமல் ஊளையாக மாறி வரும். அளக்கத் தெரிந்த கை கிடைத்தால் இதுதான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் பழைய கிரவுன் தேடுவதே மேல்.

அங்கே வாங்கும்போது உள்ளிருக்கும் ஆயிலை வடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வடிகால் மூடியின் காந்தத்தில் மாவு போன்ற இரும்புத் தூள் இருந்தால் பரவாயில்லை, சில்லு ஒட்டியிருந்தால் வேண்டாம். கையால் சுற்றினால் தடங்கலின்றி ஓட வேண்டும். எல்லாவற்றையும்விட, பல் விகிதம் உங்கள் வண்டியுடையதோடு அச்சாக ஒத்துப்போக வேண்டும். ஒரே பெயர் கொண்ட கார் என்று எடுத்து வந்து விகிதம் மாறியிருந்தால், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்த்து கப்ளிங் எரிந்துவிடும்.