72,000 ரூபாய் ஏவி ரிசீவர்: வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

72,000 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 7.2 சேனல் ஏவி ரிசீவர், அதாவது ஏழு ஸ்பீக்கரையும் இரண்டு சப்வூஃபரையும் (பாஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர்) இணைக்கும் ஹோம் தியேட்டர் பெட்டி. "இந்தியா பீஸ் சார், கம்பெனி வாரண்டி" என்று சொல்லி விற்றது. 19-ம் நாள் செத்துவிட்டது. அது இந்தியாவுக்கு வந்த சரக்கே இல்லை என்று நேற்றுத்தான் உறுதியானது. கடையின் பெயரைப் போடவில்லை. சென்னையில் டெமோ ரூம் வைத்துப் பல பிராண்டும் விற்கிற ஹோம் தியேட்டர் கடை, அவ்வளவு போதும்.

வயிறு எரிவதற்குக் காரணம், சத்தத்தைச் சரியாகச் சோதித்துத்தான் வாங்கியது. அந்தச் சோதனையில் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. அதனால் அதையும் எழுதிவிடுகிறேன்.

அட்டைப்பெட்டியில் "150 வாட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தைப் படியுங்கள்: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச்சிதைவு), ஒரே ஒரு சேனல் ஓடும்போது. 10 சதவீதம் என்றால் ஒலி உடைந்து கரகரக்கும் நிலை. பார்க்க வேண்டிய வரி வேறு: 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதம் அல்லது அதற்குக் கீழ், இரண்டு சேனல் ஓடும்போது. இந்த விலையில் அது 75, 80 வாட் என்றுதான் வரும். ஐந்து சேனலும் சேர்ந்து உழைத்தால் அதுவும் இறங்கும், பவர் சப்ளை ஒன்றுதானே. இதற்காக 80 வாட்டை விட்டு 100 வாட்டுக்கு ஓடவும் வேண்டாம். இரண்டுக்கும் வித்தியாசம் 1 டெசிபல்கூட இல்லை. 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரட்டிப்பாக வேண்டும். அந்தக் காசை சப்வூஃபரில் போடலாம்.

டெமோவில் நடக்கும் பெரிய வித்தை வால்யூம். விற்க நினைக்கும் பெட்டியை 2 டெசிபல் தூக்கி வைத்தால் போதும், அதுதான் "தெளிவா" கேட்கும். டெஸ்ட் டோனை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் இதையும் ஒப்பிட வைத்த 50,000 ரூபாய் ரிசீவரையும் 75 டெசிபலில் நிறுத்தச் சொன்னேன். மொபைல் ஆப் துல்லியமான எண் தராது, ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடப் போதும். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே பாட்டைக் கொட்டும் ஆல் சேனல் ஸ்டீரியோவை அணைத்து, ஒலியை எதுவும் மாற்றாத ப்யூர் டைரக்டில் குரலும் மிருதங்கமும் கேட்டாயிற்று. பிறகு ஸ்பீக்கரை "ஸ்மால்" என்று வைத்து, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் நிறுத்தி, பாஸை சப்வூஃபருக்குத் தள்ளி ஒரு படக்காட்சி. அளவு ஒன்றாக்கியதும் 50,000 ரூபாய் பெட்டிக்கும் இதற்கும் ஒலியில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. கூடுதல் காசுக்குக் கிடைப்பது வேறு: மைக்கை 8 இடத்தில் வைத்து அளந்து, அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் கொஞ்சம் மேம்பட்ட ரூம் கரெக்‌ஷன், நாளைக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் சேர்க்க ப்ரீ-அவுட், கூடுதலாக 8கே ஹெச்டிஎம்ஐ. ".2" என்று போட்டிருப்பதில் ஏமாற வேண்டாம். இந்த விலையில் பல மாடல்களில் இரண்டு சப்வூஃபர் துளையிலும் வருவது ஒரே சிக்னல்தான்.

இவ்வளவும் டெமோ ரூமில் ஏற்கெனவே மாட்டியிருந்த பீஸில் பார்த்தது. கைக்கு வந்தது குடோனில் இருந்து எடுத்த வேறொன்று. சோதனை ஒன்றில், வியாபாரம் இன்னொன்றில்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன். பணம் கட்டியதும் கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டியை எடுத்தார். "சார், நம்ம ஊர் கரண்டைப் பத்திச் சொல்லவே வேணாம். இந்த ஸ்டெபிலைசர் நம்ம கிஃப்ட். 3,500 ரூபா ஐட்டம். இது வழியாத்தான் போடணும், டைரக்டா போட்டா வாரண்டி போயிடும் பாத்துக்கோங்க." எத்தனை அக்கறை! பொருத்த வந்த பையனே வயரெல்லாம் மாட்டி, ரிசீவரை அலமாரிக்குள் தள்ளிவிட்டான். பின்பக்கம் வோல்டேஜ் எழுதியிருக்கும் இடத்தின் மேலேயே கடையின் "வாரண்டி சீல்" ஸ்டிக்கர். கிழித்தால் வாரண்டி ரத்தாம்.

அது ஸ்டெபிலைசரே இல்லை. 230 வோல்ட்டை 120 ஆக்கும் கன்வர்ட்டர்.

முதல் தடயம் எஃப்எம்மில் கிடைத்தது, அப்போது மூளைக்கு எட்டவில்லை. 98.3 வருகிறது, 93.5 வருகிறது. 106.4 மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. 106.3, அடுத்து 106.5. நடுவில் நிற்காது. ஆன்டெனா கோளாறு என்று விட்டாயிற்று. அமெரிக்காவுக்குச் செய்த ட்யூனர் 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவலில் ஒற்றைப்படை தசமங்களில்தான் நிற்கும், ஏனென்றால் அங்கே ஸ்டேஷன்களே அப்படித்தான். நம்ம ஊருக்கு வருவது 0.05 தாவலில் போகும்.

இரண்டாவது தடயம் உறுமல். பாட்டு இல்லாத நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து ம்ம்ம் என்று ஒரு சத்தம். சத்தமாக வைத்தால் உறுமல் போய்விடும், ஆனால் பாஸ் விழும் இடத்தில் ஒலி உடையும். 19-ம் நாள் "ப்ரொடெக்ட்" என்று சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்தது. மறுபடி எழுந்திருக்கவே இல்லை.

ஸ்டிக்கரைக் கிழித்தேன். ஏசி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 430 வாட். நம்ம ஊர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு அல்ல, அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது.

உறுமலுக்குக் காரணம் இதுதான். கன்வர்ட்டர் வோல்டேஜைத்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60-க்கு என்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் 50 ஓடினால் கோரில் காந்தப்புலம் 20 சதவீதம் கூடும். உறுமும், சூடாகும். அடுத்து அந்தக் கன்வர்ட்டரை மல்டிமீட்டரில் பார்த்தேன். லோடு இல்லாமல் 121 வோல்ட். 400 வாட் சுமைக்கு நாலு 100 வாட் குண்டு பல்பு, 110 வோல்ட் வகை, தேடிப்பிடித்து மாட்டியதும் 97. மேலே ஒட்டியிருப்பது 500 வாட், உள்ளே இருக்கும் செம்பு அதற்குக் காணாது. 121 இருக்க வேண்டிய இடத்தில் 97 என்றால் ஆம்ப்ளிஃபையர் உடையாமல் தரக்கூடிய வாட் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். காதுக்குச் சத்தம் 2 டெசிபல்தான் குறையும், பெரிதாகத் தெரியாது. உடைவதுதான் தெரியும். பின்பக்கத்தில் இருக்கும் 430 வாட் உச்ச அளவும் அல்ல, சாதாரண ஓட்டத்துக்கான எண். பாஸ் அடிக்கும்போது அதற்கு மேலேயும் இழுக்கும். 1000 விஏ-க்குக் குறைந்த கன்வர்ட்டரை இதற்குக் கொடுத்தவன் எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவனாக இருக்க வேண்டும், இல்லை மனசாட்சி இல்லாதவனாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, இது பணத்தையும் தாண்டிய விஷயம். அந்தக் கன்வர்ட்டர் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போவதையும் பிரிக்காமல் ஒரே கம்பிச்சுருளில் எடுக்கும் வகை. இன்புட் நியூட்ரலும் அவுட்புட்டும் மீட்டரில் ஒட்டிக்கிடக்கின்றன. பொது வைண்டிங் அறுந்தால் 230 வோல்ட் அப்படியே 120 வோல்ட் பெட்டிக்குள் இறங்கும். அதை அலமாரிக்குள், துணி மூடிய தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் போனில், "ஸ்பீக்கர் எத்தனை ஓம் சார்? 4 ஓமா இருக்கும்." 8 ஓம். இரண்டாவது, "உங்க வீட்டு எர்த்திங் செக் பண்ணீங்களா?" நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 1.2 வோல்ட், போதுமா? மூன்றாவது, "ஓனர் வெளியூர்ல இருக்காரு." நேரில் போனபோது அந்த ஓனர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். "நீங்க சீலைக் கிழிச்சிட்டீங்களே சார், இனிமே நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். 72,000 ரூபாய் வாங்கியபோது நாற்காலி இழுத்துப் போட்ட அதே மனிதர். இப்போது வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் மட்டும் விழுகிறது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரை அடித்துப் பார்த்து, இந்தியாவுக்கு இறக்குமதியான பட்டியலில் இல்லை, வாரண்டி கிடையாது, பவர் சப்ளை போர்டு வேறு என்பதால் காசு கொடுத்தாலும் ஸ்பேர் இல்லை என்றார்கள். அவர்கள்மேல் குறையில்லை, அதை எழுத்திலும் கொடுத்தார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் "ஏவிஆர் - 1" என்று மட்டும் இருக்கிறது. சீரியல் நம்பரும் இல்லை, மாடல் எண்ணும் இல்லை. 72,000 ரூபாய்க்கு ஒரே வரி.

எந்த ரிசீவர் வாங்கலாம் என்று விலைவாரியாக ஒரு பட்டியல் தருவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனசில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

பணம் கொடுக்கும் முன் உங்கள் பீஸைப் பிரித்து, பின்பக்கத்தைப் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். எழுத்தை மறைத்து ஸ்டிக்கர் இருந்தால் அங்கேயே உரிக்கச் சொல்லுங்கள்.

அட்டைப்பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், வருடம் அச்சாகியிருக்க வேண்டும். அது சட்டம். இல்லாவிட்டால் சரக்கு வேறு வழியாக வந்தது.

சீரியல் நம்பர் பில்லில் ஏற வேண்டும். கடையில் நின்றபடியே கம்பெனி நம்பருக்குப் போன் போட்டு அதைச் சொல்லிக் கேளுங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

106.4 வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டெபிலைசர் இலவசம் என்றால் அதன் அவுட்புட் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். தமிழ்நாட்டில் 230-ஐத் தவிர வேறெதுவும் வரக் கூடாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்டிக்கர் கிழிக்காத நிலையில் பெட்டியைப் படம் எடுத்து வையுங்கள். என்னிடம் அந்தப் படம் இல்லை, இப்போது அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் தொங்குகிறார்கள்.