வம்சாவளித் தளம்: மூன்று வருடச் சந்தாவுக்குப் பிறகு

ஆண்டுச் சந்தாவைக் குறைத்திருக்கிறார்களாம், சேரலாமா என்று சித்தி மகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

நான் தேடியது கொள்ளுத்தாத்தாவின் அண்ணனை. கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குப் போனார், திரும்பவில்லை. வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான். 1860 முதல் 1911 வரை சென்னையிலும் கல்கத்தாவிலும் அப்படிக் கப்பலேறியவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கொரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், அங்க அடையாளம் எல்லாம் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

தளம் வேகமாக இயங்குகிறது, படங்கள் தெளிவு. ஆனால் தேடும்போது ‘குடும்பப்பெயர்’ கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர விடாது. நமக்கு ஏது குடும்பப்பெயர்? அவர் முனுசாமி, அப்பா பெருமாள். பெருமாள் என்று போட்டால் யார் யாரோ வருகிறார்கள். முனுசாமி என்று போட்டாலும் கிடைக்கவில்லை. காதில் விழுந்தபடி எழுத்தர்கள் எழுதிய மூன்சாமி, மூனசாமி, முனிசாமி எல்லாம் தளத்துக்கு வேறு வேறு ஆள். மூன்று முறை புகார் எழுதினேன். ‘கருத்துக்கு நன்றி’ என்று ஒரே பதில். தகப்பன் பெயரை இனிஷியலாக வைத்து வாழும் ஒரு சமூகத்துக்காக அந்த நட்சத்திரத்தை எடுக்க முடியாதா? சந்தாவை மட்டும் தேதி தவறாமல் பிடிக்கிறார்கள்.

கடைசியில் பெயரை விட்டுவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் கப்பல் பட்டியலில் எங்கள் வந்தவாசித் தாலுக்காக்காரர்களை ஒவ்வொருவராகப் படித்தேன். பதினோராவது இரவு கிடைத்தார். வயது 22. தகப்பன் பெயர் பெருமாள். அங்க அடையாளம்: வலது புருவத்தில் தழும்பு.

“கிணத்துல மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணி எறைக்கறப்ப கயிறு அறுந்து அடிச்சி, எங்க மாமனாரோட அண்ணனுக்குப் புருவம் பொளந்துபோச்சாம்” என்று பாட்டி சொல்லும். அந்த வரியைக் கைபேசியில் பெரிதாக்கி அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

நெட்டாலில் கப்பலேறியவரின் பெயரே பல வீடுகளில் வாரிசுகளின் குடும்பப்பெயராகிவிட்டது. அது தெரிந்த பிறகு சந்தா தளத்தில் மூன்சாமி என்று அதே கட்டத்தில் போட்டேன். அவருடைய மரண அறிவிப்புப் படிவம் வந்தது. அதில் மனைவி பெயர், மூன்று பிள்ளைகள்.

அதனால் தம்பி, பாதி விலை என்றாலும் சேராதே. இலவசப் பட்டியலில் ஊரை வைத்துத் தேடு. நான் நேற்று நான்காம் வருடத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். மூன்றாவது பிள்ளை பெண். அந்தப் பெயர் மேல் மை கொட்டியிருக்கிறது, வேறு ஏதாவது பதிவில் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.