ரீஜெனரேட்டர்: வெளியே போனால் மூன்றில் ஒரு பங்கு

போகிமான் வீடியோ கேமின் பிளாக், ஒயிட் பதிப்புகளில் (2010) வந்த திறன் ரீஜெனரேட்டர். இது உள்ள போகிமான் களத்தை விட்டு வெளியேறினால் போதும், மொத்த எச்.பி.யில் (உயிர்ப்புள்ளிகளில்) மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடும். ஆனால் குணமாவதே வெளியேறுவதால்தான் என்பதால், ஒவ்வொரு முறையும் எதிராளிக்கு ஓர் இலவச டர்ன் (முறை) போகிறது. அடியைத் தாங்கிக்கொண்டு உள்ளே வர வேறு ஆள் இல்லாத அணியில் இதை வைத்துப் பயனில்லை.

கணக்கைப் பாருங்கள். லெவல் 100-இல் எச்.பி.க்குப் பயிற்சிப் புள்ளிகளை முழுதாக முதலீடு செய்த ஸ்லோப்ரோ என்ற போகிமானுக்கு எச்.பி. 394. வெளியேறினால் 131 கிடைக்கும். உள்ளே வருபவரைக் குத்தும் ஸ்டெல்த் ராக் பாறைகளை எதிராளி விரித்திருந்தால் திரும்ப வரும்போது 49 போகும், ஆக நிகர லாபம் 82. பாறைக்கு மிகவும் பலவீனமான ஹோ-ஓ போகிமானுக்கு இந்தக் கணக்கு தலைகீழ்: பாறை பாதி எச்.பி.யைத் தின்றுவிடும், திறன் தருவதோ மூன்றில் ஒன்றுதான். பாறையிலிருந்து காக்கும் ஹெவி டியூட்டி பூட்ஸ் என்ற பொருள் இல்லாமல் அதை இறக்காதீர்கள். பொருளைத் தட்டிவிடும் நாக் ஆஃப் ஓர் அடி விழுந்தால் பூட்ஸும் போய்விடும்.

டாக்ஸபெக்ஸ் போகிமானில் இதன் அருமை நன்றாகத் தெரியும். ஒன்பதாம் தலைமுறை கேம்களில், அது குணமாகப் போடும் ரிக்கவர் நகர்வின் பி.பி. (எத்தனை முறை போடலாம் என்ற எண்ணிக்கை) 10-இலிருந்து 5 ஆனது, பி.பி. மேக்ஸ் என்ற பொருளால் கூட்டினாலும் 8தான். நீண்ட ஆட்டத்தில் அது தீர்ந்துவிடும், ரீஜெனரேட்டருக்கோ பி.பி.யே கிடையாது.

டர்னுக்கு டர்ன் ஏறும் டாக்ஸிக் விஷமும் பெரிதாக ஒன்றும் செய்யாது. மூன்று டர்ன் நின்றால் 1/16, 2/16, 3/16 என்று கூடி 37.5% போகும். வெளியேறினால் ஏறக்குறைய அவ்வளவும் திரும்பும், விஷத்தின் எண்ணிக்கையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். விஷம் மட்டும் உடம்பிலேயே இருக்கும். அதைப் போக்க நேச்சுரல் க்யூர் திறன் போன்ற வேறொன்று வேண்டும்.

மிகச் சிறந்த கூட்டு, அலோமோமோலா போகிமானின் விஷ் (அடுத்த டர்ன் முடிவில் தன் எச்.பி.யில் பாதி அளவு குணம் தருவது), ஃப்ளிப் டர்ன் (அடித்துவிட்டு வெளியேறுவது) என்ற இரு நகர்வுகள். முதல் டர்னில் விஷ். அடுத்த டர்னில் எதிராளி முந்திக்கொண்டு அடிக்க விட்டு, பிறகு ஃப்ளிப் டர்ன். அடி முழுக்க அலோமோமோலா மீதே விழும், உள்ளே வரும் கூட்டாளி பத்திரம். முழு முதலீட்டில், டர்ன் முடிவில் விஷ்ஷால் கூட்டாளிக்கு 267, வெளியேறிய அலோமோமோலாவுக்கு ரீஜெனரேட்டரால் 178. இதற்காகவே அதன் வேகத்தைக் கூட்டாமல் விடுவது நல்லது. எதிரே நீர்த்தாக்குதலை உறிஞ்சும் வாட்டர் அப்சார்ப் திறன் இருந்தாலோ, அடியைத் தடுக்கும் புரொடெக்ட் போட்டாலோ ஃப்ளிப் டர்ன் வீண். இருந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

ரோர், டிராகன் டெயில் போன்ற நகர்வுகளைப் போட்டு வலுக்கட்டாயமாகத் துரத்தினாலும் திறன் வேலை செய்யும். எதிராளி தன் கையாலேயே குணப்படுத்திவிட்ட மாதிரி! மாக்மா ஸ்டார்ம் நகர்வு, ஷேடோ டேக் திறன் போன்றவை வெளியேற விடாமல் பூட்டிவிட்டால், சாதாரணமாக வெளியேற ஷெட் ஷெல் என்ற பொருள் கைகொடுக்கும். களத்தில் வீசிங் போகிமானின், மற்றவர் திறன்களை முடக்கும் நியூட்ரலைசிங் கேஸ் இருக்கும்போது வெளியேறினால் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது.

ஸ்லோப்ரோ, அமூங்கஸ், டாக்ஸபெக்ஸ் மூன்று போகிமானுக்கும் இது மறைதிறன் (வழக்கமாகக் கிடைக்காத சிறப்புத் திறன்). திறனை மாற்றும் எபிலிட்டி கேப்சூல் அதைத் தராது, எபிலிட்டி பேட்ச் என்ற பொருள் வேண்டும். அதைச் செலவழிக்க மனமில்லையென்றால், மறைதிறன் உள்ள தாயிடமிருந்து முட்டைக்கு அது இறங்க 60% வாய்ப்பு உண்டு.