ட்விஸ்டெட்டின் லூப்பிங்கால்: மணிக்கூடு நல்லது, காவல் நீங்கள்தான்

பைதனில் நெற்வேர்க் சேர்வர் எழுதுவோருக்கு ட்விஸ்டெட் (Twisted) என்ற மென்பொருள் நூலகம் இலவசமாகத் தரும் லூப்பிங்கால் (LoopingCall), ஒரே வேலையைக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்விக்கும். கோப்பாய், உரும்பிராய்த் தோட்டக் கிணறுகளில் நீர்மட்ட சென்சார் பூட்டி, 30 செக்கனுக்கு ஒருக்கா அளவு கேட்கும் சேர்வர் என்றால் இது அளவாகப் பொருந்தும்.

ஒரு பங்ஷனைக் குறித்த நேரம் கழித்து ஒருமுறை மட்டும் ஓட்டும் கோல்லேட்டரை (callLater) வைத்து இந்தச் சுற்றைக் கையால் எழுதினால் இரண்டு பிழை வரும். அடுத்த சுற்றைப் போடும் வரி பங்ஷனின் கடைசியில் இருந்தால், நடுவில் ஒரு எக்ஸெப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) வந்ததோடு வேலை நின்றுவிடும். முதல் வரியில் இருந்தால், ஒன்று முடியமுன் அடுத்தது தொடங்கிவிடும். இரண்டாவது பிழையை லூப்பிங்கால் அழகாகத் தீர்க்கிறது. பங்ஷன் ஒரு டிஃபேர்டை (Deferred, பிறகு வரப்போகும் பதிலுக்கான பொருள்) திருப்பிக் கொடுத்தால் அது முடியும்வரை காத்திருக்கும். ஒரு சுற்று 45 செக்கன் இழுத்தால் அடுத்தது 60ஆவது செக்கனில்தான் ஓடும். தவறியதை அள்ளிப் போட்டு ஓட்டாது. எத்தனை இடைவெளி கழிந்தது என்று தெரியவேண்டுமென்றால் வித்கவுன்ட் (withCount) இருக்கிறது.

முதல் பிழையை இது தீர்க்காது. பங்ஷனில் எக்ஸெப்ஷன் எழுந்தாலோ, அது கொடுத்த டிஃபேர்ட் தோற்றாலோ சுற்று அத்தோடு நிற்கும். சேர்வர் மட்டும் வழமைபோல ஓடும். வெளியில் ஒன்றும் தெரியாது, கிணற்று அளவு மட்டும் வராது. ஆகவே பிழையைப் பங்ஷனுக்குள்ளேயே பிடித்து லொக்கில் எழுதுங்கள். சுற்றைத் தொடங்கும் ஸ்டார்ட் (start) தரும் டிஃபேர்டிலும் ஒரு எர்பாக் (errback, தோல்வி வந்தால் ஓடும் பங்ஷன்) கட்டாயம்.

இதைவிட மோசமானது பதிலே வராத நிலை. கரண்ட் போய் சென்சார் அணைந்தால் டிஃபேர்ட் முடியாது, சுற்றும் அங்கேயே உறைந்துவிடும். டிஃபேர்டுக்குக் கால எல்லை வைக்கும் அட்டைமவுட்டில் (addTimeout) 10 செக்கன் போடுங்கள். டைமவுட்டும் ஒரு தோல்விதான் என்பதால் எர்பாக்கை அதற்குப் பின்னால் சேர்ப்பது நல்லது. வரிசை மாறினால் எர்பாக்குக்கு டைமவுட் பிழைக்குப் பதிலாக, ரத்துசெய்யப்பட்டது என்ற பிழைதான் வரும்.

பங்ஷனுக்குள் டைம்.ஸ்லீப் (time.sleep, சும்மா காத்திருக்கவைக்கும் கட்டளை) போட்டால் முழுச் சேர்வரும் நிற்கும். இப்படிச் சேர்வரைத் தடுக்கும் வேலையை, தனித் திரெட்டில் ஓட்டும் டிஃபேர்டுதிரெட்டில் (deferToThread) கொடுங்கள். ஆனால் டைமவுட் அந்தத் திரெட்டை நிறுத்தாது. சொக்கெற்றுக்கும் (நெற்வேர்க் இணைப்பு) தனியாக டைமவுட் வையுங்கள்.

சோதிக்க, நாமே நகர்த்தும் போலி மணிக்கூடான டாஸ்க்.கிளொக்கை (task.Clock) பூட்டி, 30 செக்கன் 30 செக்கனாக அட்வான்ஸ் (advance) கொடுத்தால் 1 மணித்தியாலத்தை ஒரு கணத்தில் ஓட்டிப் பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே இதைத் தெரிவுசெய்யலாம்.

தினமும் காலை 6 மணிக்கு ஓடவேண்டிய வேலைக்கு இது ஏற்றதல்ல. இடைவெளி தொடங்கிய கணத்திலிருந்தே எண்ணப்படுவதால், சேர்வரை மீளத் தொடங்கினால் கணக்கும் புதிதாகத் தொடங்கும். அதற்கு, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் குரொன் (cron) போதும்.