27 பேர், மூன்று இரவு, ஒரு தண்ணீர்த் தொட்டி: போர்ட்டிக்சன் கடற்கரை வீடு

கடந்த ஆண்டு நடுப்பகுதிப் பள்ளி விடுமுறையில், பகாவிலிருந்தும் மலேசியாவின் பிற ஊர்களிலிருந்தும் வந்து கூடிய எங்கள் குடும்பத்தார் 27 பேர், போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு தனி வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்று இரவுகள் தங்கினோம். ஆறு படுக்கையறைகள், 28 பேர் வரை தங்கலாம், கடல் 50 மீட்டர் தொலைவில் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அளந்து பார்த்தால் மூன்றுமே சரிதான். இருந்தாலும், ஒரு பெரிய குடும்பம் நான்கு நாள் குளித்து, சமைத்து, உண்டு, உறங்குவதற்கு எவை வேண்டுமோ அவற்றைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த விடுபட்ட வரிகளைப் பற்றியது. வீட்டின் பெயரை நான் எழுதவில்லை. சொல்லப்போகும் குறைகளில் பாதியை இதே கடற்கரையில் வேறு வீடுகளிலும் கண்டிருக்கிறேன் என்பதால், ஒருவரை மட்டும் சுட்டுவது முறையன்று.

ரப்பர்த் தோட்டம் இருந்த காலத்தில் எங்களுக்கு இப்படியொரு வீடு தேவைப்பட்டதில்லை. கோயில் திருவிழாவுக்கு உறவினர் வந்தால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எந்த வீட்டு வாசலில் இடம் இருக்கிறதோ அங்கே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். யார் எந்த வீட்டில் சாப்பிட்டார் என்ற கணக்கும் இருக்காது. பால்மரம் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டு, லயங்களும் இடிக்கப்பட்ட பிறகு, பாட்டி பகாவில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) மூன்று அறை வீட்டில் சின்ன மாமாவுடன் வசிக்கிறார். அவருடைய பிள்ளைகள் எழுவரும் கிள்ளான், ஈப்போ, ஜொகூர் பாரு, சிரம்பான் என்று பரவிவிட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பகாவுக்கு வந்தால் பாதிப் பேர் ஹோட்டலுக்குப் போயாக வேண்டும். ஹோட்டலுக்குப் போனவர்கள் மறுநாள் பசியாறி முடித்துப் பத்து மணிக்குத்தான் தலைகாட்டுவார்கள். ஒரே கூரையின் கீழ் எல்லாரும் விழித்தெழ வேண்டும் என்பது பாட்டியின் ஒரே நிபந்தனை. பகாவிலிருந்து கோலாப்பிலா, சிரம்பான் வழியாகப் போர்ட்டிக்சன் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். 84 வயதுக்காரரை இரண்டு மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடலாம் என்பதாலேயே பெரிய மாமா அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்.

வாடகை ஓர் இரவுக்கு 1,500 வெள்ளி (ரிங்கிட்). ஞாயிறு முதல் புதன் வரை எடுத்ததால் இந்த விலை. வெள்ளி, சனி இரவுகளுக்கு 1,900 கேட்டார்கள். துப்புரவுக் கட்டணம் 200, மீன் சுடும் அடுப்புக்கும் கரிக்கும் 150 ஆக மொத்தம் 4,850 வெள்ளி. தலைக்கு ஓர் இரவுக்கு 60 வெள்ளிக்குள் அடங்கியது. திரும்பப் பெறும் முன்பணம் 500 தனி. விலையைப் பற்றி எனக்குக் குறை இல்லை.

குறை தண்ணீரில் தொடங்கியது. வீட்டில் நான்கு குளியலறைகள் இருந்தன. அவற்றுள் இரண்டு, மாடியில் ஏர்கோன் பொருத்திய அறைகளுக்குள்ளேயே அமைந்திருந்தன. இரவில் அந்த அறைகளின் கதவு தாழிடப்பட்டால் மீதமுள்ள பதினெட்டுப் பேருக்கு இரண்டே குளியலறைகள். இதையாவது வரிசை வைத்துச் சமாளித்தோம். ஆனால் கூரைமேல் இருந்த தொட்டி, ஒரு சாதாரண தாமான் வீட்டில் வைக்கும் 200 கேலன் தொட்டி, அதாவது ஏறக்குறைய 900 லிட்டர் கொள்ளளவு உடையது. கடலில் இருந்து திரும்பும் ஒருவர் உப்பும் மணலும் போகக் குளிக்க 40 லிட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 27 பேருக்கு 1,080 லிட்டர் ஆகிறது. குழாயிலிருந்து தொட்டிக்கு ஏறும் நீரோ மெல்லிய நூல்போலத்தான் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாள் காலை எட்டேகால் மணிக்கு, தலையில் சவர்க்கார நுரையோடு ஈப்போ சித்தப்பா குளியலறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தபோதுதான் இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். லயத்தில் ஒரு குழாய்க்கு இத்தனை வீடு என்று வாழ்ந்த பாட்டி, இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல், இரவே எல்லா வாளிகளையும் நிரப்பி வைக்கச் சொல்லியிருந்தார், நாங்கள்தான் கேட்கவில்லை. அன்றிரவிலிருந்து ஆறு வாளிகளும், சமையலுக்குக் கொண்டுவந்திருந்த இரண்டு பெரிய அண்டாக்களும் நிரம்பியே இருந்தன.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, மணலைக் கழுவ வெளியில் ஒரு குளியல் குழாயும் இல்லை என்பது. தோட்டத்துச் செடிக்கு ஊற்றும் குழாய் ஒன்று மட்டும் இருந்தது. ஒன்பது சிறுவர்கள் மணலோடு உள்ளே ஓடினால் குளியலறை வடிகால் என்ன ஆகும் என்பதைக் கடற்கரை வீடு கட்டுகிறவர்கள் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் கீழ்க்குளியலறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியது.

இனி அடுப்படி. படங்களில் மிக அழகாகத் தெரிந்த உள் அடுப்படியில், கண்ணாடி மேல்தளம் கொண்ட இரண்டு மின்சார அடுப்புகளும், நான்கு பேருக்குப் போதுமான பாத்திரங்களும் இருந்தன. அந்த அடுப்பில் அண்டா வைத்தால் கண்ணாடி தாங்காது என்று ஒரு தாளும் ஒட்டியிருந்தது. மாமிகள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் வீட்டுக்குப் பின்னால் பூட்டிய ஒரு தகரக் கூரைக் கட்டடம் இருந்ததைச் சின்ன மாமா கவனித்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மலாய் முதியவரை அழைத்துக் கேட்டார். அந்தப் பாக்சிக் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்து வந்து திறந்தபோது, இந்த வாடகை வீட்டின் மிகச் சிறந்த பகுதி உள்ளே இருந்தது: தரையில் வைக்கும் இரண்டு பெரிய எரிவாயு அடுப்புகள், நிரம்பிய உருளை, மீன் கழுவ உயரம் குறைந்த சிமெண்டுத் தொட்டி, காற்றோட்டத்துக்கு இரு பக்கமும் கம்பி வலை. விளம்பரத்தில் இதற்கு ஒரு படம்கூட இல்லை. வாடகைக்கு வருபவர்கள் எல்லாரும் வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்து படுப்பவர்கள் என்று உரிமையாளர் எண்ணிவிட்டார்போலும்.

அந்தப் பின்கட்டில்தான் எங்கள் விடுமுறையின் பெரும்பகுதி கழிந்தது. திங்கட்கிழமை காலையில் சந்தையிலிருந்து கெம்போங் மீனும் நண்டும் வாங்கி வந்து, ஒரு அடுப்பில் நண்டு ரசமும் மற்றொன்றில் சோறும் ஏற்றினோம். செவ்வாய்க்கிழமை பாட்டிக்குச் சைவம் என்பதால் அவருக்கென வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு பாத்திரங்களைத் தனியே வைத்திருந்தோம். வீட்டில் பன்றி இறைச்சியும் மதுவும் கூடாது என்ற விதி இருந்தது. எங்கள் வீட்டில் இறைச்சி வகையில் வேறு விதிகள் இருப்பதால் பாத்திரத்தைக் கொண்டுபோவதே இரு தரப்புக்கும் நிம்மதி. சாம்பிராணியும் மெழுகுவத்தியும் கூடாது என்ற விதிதான் பாட்டியைச் சற்று வருத்தியது. பாக்சிக்கிடம் கேட்டபோது, பின்கட்டில் விளக்கு ஏற்றுவதில் தமக்கு மறுப்பில்லை என்றார். விளக்கு இரு வேளையும் மீன் தொட்டிக்கு எதிர்ப்புறம் எரிந்தது.

கடலைப் பற்றிச் சொல்லாமல் கடற்கரை வீட்டு மதிப்புரை முழுமை பெறாது. 50 மீட்டர் என்பது உண்மை. அந்த 50 மீட்டருக்கு நடுவில் கடற்கரைச் சாலை ஓடுகிறது என்பதும் உண்மை. பள்ளி விடுமுறையில் அந்தச் சாலையைச் சிறுவர்களோடு கடப்பது எளிய காரியமன்று. ஒவ்வொரு முறையும் பெரியவர் இருவர் முன்னும் பின்னும் நிற்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு எதிரே இருந்த கரைப்பகுதியில் உயிர்காப்பாளர் எவரையும் நாங்கள் காணவில்லை. அடுத்தது ஏற்றமும் வற்றமும். மலாக்கா நீரிணையில் நாளுக்கு இரு முறை கடல் ஏறி இரு முறை வற்றுகிறது. இந்த நேரம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு மிகுதி. நாங்கள் சென்றதோ அமாவாசை கழிந்த மறுநாள். திங்கட்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்கு, காற்றடைத்த மிதவைகளோடு ஆரவாரமாகச் சாலையைக் கடந்து போனவர்களை, நெடுந்தொலைவுக்குப் பின்வாங்கிவிட்ட கடலும் சேறும் வரவேற்றன. மாலை ஆறு மணிக்குப் போனபோது அதே இடத்தில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. போர்ட்டிக்சனில் வீடு எடுப்பவர்கள் தேதியை முடிவு செய்யும் முன், இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதைப் பார்த்துவிட்டால் சமையல் நேரம்கூடத் தானாகவே முடிவாகிவிடும்.

மேற்கு நோக்கிய முன்வாசல் திண்ணை மிக அகலமானது. இருபது பேர் உட்காரலாம். பின்கட்டுக்கு அடுத்து இந்த வீட்டில் நான் விலைகொடுக்கத் தயாராக இருக்கும் இடம் அது. மாலை ஏழேகாலைத் தாண்டிச் சூரியன் இறங்கும்போது, அறைகளில் இருந்த யாவரும் தாமாகவே அங்கே வந்து சேர்ந்தார்கள். பெரியவர்கள் தேநீரோடு உட்கார, சிறுவர்கள் முறுக்குத் தகரத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத் துரைமார்களும் அரசாங்க அதிகாரிகளும் ஓய்வெடுக்க வந்த கடற்கரை இது என்று பெரிய மாமா விளக்கிக்கொண்டிருந்தபோது, துரை பங்களாவுக்குள் தாம் அடுப்படி வாசல் வழியாகத்தான் நுழைந்ததுண்டு என்று பாட்டி சொன்னார். சொல்லிவிட்டு, இங்கேயும் அடுப்படிதான் நன்றாக இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார்.

அறைகளில் இடம் போதாமல், ஆண்களும் பையன்களும் அந்தத் திண்ணையிலேயே பாய் விரித்துப் படுத்தோம். காற்றுக்காக அது ஏர்கோன் அறைகளைவிட மேல். ஆனால் மூன்றாம் இரவு, விடியற்காலை நாலரை மணியளவில், கடல் பக்கமிருந்து திடீரென்று சூறைக்காற்றும் சாய்வான மழையும் அடித்து, படுத்திருந்த பதினொரு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குள் ஓடினோம். நீரிணையின் மேல் இரவில் திரண்டு விடியலில் மேற்குக் கரையைத் தாக்கும் இந்தக் காற்றைச் சுமத்ரா என்பார்கள். ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை இது வழக்கம். திண்ணைக்கு உருட்டி இறக்கும் ஒரு தடுப்புத் திரை இருந்திருந்தால் நாங்கள் தூங்கியிருப்போம்.

முதியவர்களுக்கு இந்த வீடு ஏற்றதா என்று கேட்டால், தயக்கத்தோடுதான் பதில் சொல்ல முடியும். கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் இருந்தது நல்வாய்ப்பு. எனினும் கீழ்க்குளியலறைக்குள் நுழைய அரை அடி உயரப் படி ஒன்று உண்டு; பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடியும் இல்லை; ஈரத்தில் தரை வழுக்கியது. மூட்டு வலி உள்ள பாட்டியை ஒவ்வொரு முறையும் யாரேனும் ஒருவர் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. பேரன்மாருக்கு அது சுமையன்று. அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது.

பாட்டுப்பாடும் கருவி இருந்தது, இரவு பதினொன்று வரை அனுமதி. ஒலிவாங்கி ஒன்றுதான் வேலை செய்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

முன்பணம் 500 வெள்ளியில் 350 மட்டும் மறுநாள் திரும்பியது. வெள்ளைப் படுக்கை விரிப்பில் மஞ்சள் கறை பட்டதற்கு 70 பிடித்ததை ஒப்புக்கொள்கிறேன். அது எங்கள் வேலைதான். இருபத்தேழு தமிழர் தங்கும் வீட்டில் வெள்ளை விரிப்பை விரித்தது அவர்கள் வேலை. ஆனால் விரிசல் விட்ட ஒரு நாற்காலிக்காக 80 பிடித்ததை ஏற்க முடியவில்லை. உள்ளே நுழைந்த முதல் அரை மணி நேரத்தில் என் தங்கை எல்லா அறைகளையும் படம் எடுத்து வைத்திருந்தாள். அதே நாற்காலி அதே விரிசலோடு, நேரமும் தேதியும் பதிந்த படத்தில் இருந்தது. அதை அனுப்பிய பிறகும் முகவர் உடனே மசியவில்லை. பதினொரு நாட்கள் கழித்து, விளக்கம் ஏதுமின்றி 80 வெள்ளி வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது.

இவ்வளவையும் எழுதிய பிறகு, வரும் மார்ச்சில் அதே வீட்டையே கேட்டிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுமத்ரா தீவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகளை அந்த மாதத்தில் தஞ்சோங் துவானில் காணலாம். 1863இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் நிற்கும் அந்த முனை, நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமானது என்பதைச் சிறுவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது பெரிய மாமாவின் ஆசை. முகவருக்கு மூன்று கேள்விகள் அனுப்பினோம். பின்கட்டுச் சாவி முதல் நாளே தரப்படும் என்று எழுத்தில் உறுதி கொடுத்துவிட்டார். இரண்டாவது தண்ணீர்த் தொட்டி வைக்கப்போவதாகவும் சொல்லியிருக்கிறார். குளியலறைக் கைப்பிடியைப் பற்றி மட்டும் பதில் இல்லை. அதைத் தாமே வாங்கிக்கொண்டுபோய்ப் பொருத்திவிடுவதாகச் சின்ன மாமா சொல்கிறார். சுவரில் துளையிட அனுமதி கேட்டுச் செய்தி அனுப்பி இரண்டு நாளாகிறது.