தண்டையார்பேட்டை ஃபைபர் இணைப்பு: வேகம் உண்டு, விளக்கம் இல்லை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் இணைப்புத் தரும் நிறுவனத்தின் சேவை, கொடுக்கும் காசுக்கு மோசமில்லை. மழையில் கம்பி அறுந்தால்கூட மறுநாளே ஆள் வந்து சரிசெய்துவிடுகிறார். குறை வேறு இடத்தில் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல், வேகச் சோதனைத் தளம் 100 எம்பிபிஎஸ் காட்டும்போதே, பிள்ளைகள் பார்க்கும் பாடக் காணொளி சுற்றிக்கொண்டே நிற்க, திட்டத்தோடு சேர்த்து விற்கப்படும் ஓடிடி செயலி மட்டும் தங்குதடையின்றி ஓடுகிறது. நிறுவனமே மற்றவற்றின் வேகத்தை வேண்டுமென்றே குறைக்கிறதோ என்று சந்தேகம் எழுகிறது. நெரிசல்கூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்பதற்கு மேல் பதில் வருவதில்லை.

எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத் தரவுக் கட்டணத்தில் பாகுபாடு கூடாதெனத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் விதி வகுத்ததால்தான், சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃபிரீ பேசிக்ஸ் திட்டம் இங்கே நின்றுபோனது. உள்ளடக்கத்தைத் தடுப்பதும் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பதும் கூடாதென்ற நிபந்தனை 2018-இல் சேவை உரிமங்களிலேயே சேர்க்கப்பட்டது. விதி வலுவானதுதான். ஆயினும், அது மீறப்படுகிறதா என்று வீட்டிலிருந்தபடி சரிபார்ப்பது சந்தாதாரருக்கு எளிதாக இல்லை என்பதே என் பெருங்கவலை. எந்நேரத்தில், எந்த இணையப் போக்குவரத்தை, எதற்காக மட்டுப்படுத்துகிறோம் என்று நிறுவனம் எழுத்தில் சொல்லும்வரை, ஆண்டுச் சந்தா கட்டாமல் மாதாமாதம் மட்டுமே புதுப்பிப்பேன். அக்கம்பக்கத்தாருக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.